கூரை இடிந்த செய்தி கடல் தாண்டவில்லை!

லண்டன் நகரில் கேம்டன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். 1973-ம் ஆண்டு ஜூன் மாதம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபத்துக் கூரை இடிந்து விழுந்தது!

புயல் இல்லை. பூகம்பம் இல்லை. கூரையின் மேல் யாரும் பாரம் ஏற்றவும் இல்லை. கட்டிடம் பழையதும் அல்ல. கட்டி இருபது ஆண்டுகூட ஆகவில்லை. கான்கிரீட் உத்திரங்கள் மளமளவென்று தரையில் வந்து விழுந்தன.

நல்ல வேளை! அப்போது மண்டபத்தில் ஒரு குழந்தைகூட இல்லை.

எட்டு மாதம் சென்றது. 1974 பிப்ரவரி 8-ந் தேதி. அதே லண்டனில், ஸ்டெப்னி என்ற இடத்தில், இன்னொரு பள்ளிக்கூடம். அங்கே மாணவர்கள் நீச்சல் பழகுவதற்கு ஒரு குளம். குளத்துக்கு மேலே கூரை. அந்தக் கூரையும் இடிந்தது. அங்கேயும் உயிர்ச்சேதம் இல்லை.

தெய்வாதீனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எப்போதும் குழந்தைகள் இல்லாத நேரம் பார்த்தா கூரை விழும்?

இடிந்த உத்திரங்களை ஆராய்ச்சிச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். உடைத்தார்கள். பொடியாக்கிப் பார்த்தார்கள். கேம்டனில் உத்திரத்தின் நுனி சுவரில் உட்கார்ந்த இடம் மிகவும் குறுகலாக இருந்தது. அது கட்டியவர்களின் தவறு. ஆனால் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் பொதுவாக ஒரு சங்கதி இருந்தது. உத்திரங்களுக்குப் போட்ட சிமெண்டு!

ஒரே நாளில் கெட்டியாகும் சிமெண்டு

நம் வீட்டு வேலைக்கு வாங்குகிறோமே, அந்தச் சிமெண்டு அல்ல அது. அலுமினா சிமெண்டு என்று பெயர். பிரான்சு நாட்டில் 1908-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். உப்பு நிறைந்த மண்ணிலும் கடல் தண்ணீரிலும் சாதாரண சிமெண்டு அரித்துப் போகிறதே, அதற்கு மாற்றாகக் கண்டுபிடித்த சரக்கு இது.

இதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. சாதாரண சிமெண்டு போட்ட கான்கிரீட் முழு வலுவுக்கு வர 28 நாள் என்று கணக்கு. அலுமினா சிமெண்டு அந்த வலுவை ஒரே நாளில் எட்டிவிடும்! இன்று காலையில் வார்த்தால் நாளைக் காலையில் அச்சைப் பிரித்துவிடலாம். அதே அச்சில் அடுத்த உத்திரத்தை வார்க்கலாம்.

உத்திரம் வார்த்து விற்கும் தொழிற்சாலைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களும் வீடுகளும் அவசர அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தது. அலுமினா சிமெண்டுக்கு அடித்தது யோகம்.

ஆனால், சீக்கிரம் வந்த வலு சீக்கிரமே போகவும் கூடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் உள்ளே நுண்ணிய படிகங்கள் உண்டாகின்றன. அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் கான்கிரீட் கெட்டிப்படுகிறது. அலுமினா சிமெண்டில் முதலில் உண்டாகும் படிகம் நிலையானது அல்ல. நாளாக ஆக அது வேறு விதப் படிகமாக மாறுகிறது. புதிய படிகம் குறைந்த இடத்தை அடைக்கும். அப்படியானால் மிச்ச இடம்? வெறும் துளைகள்! ஆப்பத்தின் நடுவில் சிறு சிறு துளைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளை கூடக் கூட வலு குறையும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்த மாற்றம் வேகமாக நடக்கும்.

நீச்சல் குளத்துக்கு மேலே உள்ள கூரையில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா?

அண்டை நாடுகளுக்குத் தெரிந்திருந்தது

இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருகிறது.

இந்தச் சிமெண்டின் குறை 1973-ல் புதிதாகத் தெரிந்த ஒன்று அல்ல. அது பிறந்த நாடான பிரான்சிலேயே, 1943-ம் ஆண்டிலேயே, பொதுப்பணி வேலைகளில் இதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஜெர்மனியில் பவேரியா என்ற மாநிலம். அங்கே 1961-லும் 1962-லும் மாட்டுத் தொழுவங்களின் கூரைகள் இடிந்து விழுந்தன. அவையும் அலுமினா சிமெண்டு உத்திரங்கள்தான். ஜெர்மனி 1962-ல், பாரம் தாங்கும் கட்டிட வேலைக்கு இந்தச் சிமெண்டு கூடாது என்று தடை போட்டுவிட்டது.

லண்டன் பள்ளிக்கூடம் இடிவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே!

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஒரு கடல். குறுகலான இடத்தில் அதன் அகலம் 33 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் தூரம்கூட இல்லை. அந்த 33 கிலோமீட்டரைத் தாண்டி இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. ஜெர்மனியில் கான்கிரீட்டுக்கு உள்ளே இருந்த எஃகுக் கம்பியும் கெட்டுப் போயிருந்தது. காரணம் சற்று வேறாக இருந்தால் போதாதா? "அது அவர்கள் சிமெண்டு, நம்முடையது நல்ல சிமெண்டு" என்று ஒதுக்கிவிடுவது எளிது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டால், நம் வீட்டுக்கு வராது என்று நாம் நினைத்துக்கொள்வதில்லையா?

இங்கிலாந்துக்கு உள்ளேயும் ஒருவர் எச்சரித்தார். ஆடம் நெவில் என்று பெயர். போலந்து நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற கான்கிரீட் நிபுணர். அலுமினா சிமெண்டு கான்கிரீட் எப்படிக் கெடுகிறது என்று 1963-ம் ஆண்டு விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். பலத்த எதிர்ப்பு கிளம்பியது. சிமெண்டு விற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கூரை விழுந்து அவர் சொன்னதை மெய்யாக்கியது.

அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான கட்டிடங்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். பெரும்பாலானவை தப்பித்தன. பாரம் தாங்கும் வேலைக்கு அந்தச் சிமெண்டு கூடாது என்று விதியும் மாறியது. நம் நாட்டின் விதிப் புத்தகமும் அதைச் சாதாரண வேலைக்கு அனுமதிப்பதில்லை. தனிப்பட்ட காரணம் இருந்தால் மட்டும், பொறுப்பில் உள்ள என்ஜினீயரின் சம்மதத்தோடு உபயோகிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

நாம் லண்டனில் இல்லை. ஆனாலும் லண்டனில் இடிந்த கூரை நமக்கும் ஒரு விதியாகி வந்திருக்கிறது. இதற்குத்தான் தேசம் விட்டுத் தேசம் கூடிப் பேச வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

ஊருக்கு ஊர் படி

கான்கிரீட்டுக்குச் சங்கமா என்று சிலர் சிரிக்கலாம். ஜல்லி, மணல், சிமெண்டு, தண்ணீர். போட்டுக் கலக்கினால் முடிந்தது. இதில் சங்கம் வைத்துப் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் ஊருக்கு ஊர் படி அளவு மாறும் என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓர் ஊரில் பெரிய படி. இன்னோர் ஊரில் சின்னப் படி. "பத்துப் படி நெல்" என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் விலை பேச முடியாது.

கான்கிரீட்டிலும் இதே கதைதான். கான்கிரீட் நல்லதா என்று பார்க்க, கொஞ்சம் எடுத்து அச்சில் வார்த்து, 28 நாள் கழித்து எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறதோ அதுதான் அதன் வலு. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் சதுரக் கட்டியாக வார்ப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் 15 சென்டிமீட்டர். அமெரிக்காவில் உருளையாக வார்ப்பார்கள். விட்டம் 15, உயரம் 30.

கான்கிரீட் ஒன்றுதான். ஒரே சட்டியிலிருந்து எடுத்ததுதான். ஆனால் கட்டியாக வார்த்து நசுக்கினால் 25 என்று காட்டும். உருளையாக வார்த்து நசுக்கினால் ஏறக்குறைய 20 என்றுதான் காட்டும். நெட்டையான உருளை சீக்கிரம் நொறுங்கிவிடுகிறது. குட்டைக் கட்டி தாக்குப் பிடிக்கிறது. வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

இது தெரியாமல் ஒரு நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து இன்னொரு நாட்டில் கட்டினால் என்ன ஆகும்? ஐந்தில் ஒரு பங்கு வலு கணக்கிலேயே காணாமல் போகும்! ஐரோப்பிய நாடுகள் கடைசியில் ஒரு வழி கண்டன. இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதிவிட்டன. "20/25" என்று. முதல் எண் உருளைக்கு. இரண்டாவது எண் கட்டிக்கு. யாரும் யாருடைய படியையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கணக்கு நேராகிவிட்டது. எனக்கு இந்தச் சமரசம் மிகவும் பிடிக்கும்.

இப்படிப் பேசித் தீர்ப்பதற்குத்தான் சங்கங்கள் பிறந்தன. அமெரிக்காவில் 1904-லேயே ஒரு சங்கம் தோன்றியது. அப்போது ஆளாளுக்கு மனம்போனபடி சிமெண்டுக் கற்களை வார்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு வரைமுறை வேண்டும் என்று கூடியவர்கள், பிற்காலத்தில் அமெரிக்கக் கான்கிரீட் சங்கம் ஆனார்கள்.

ஐரோப்பாவில் இந்த வேலை போருக்குப் பிறகுதான் சூடு பிடித்தது. பாலங்கள் உடைந்து கிடந்தன. வீடுகள் மண்மேடாகக் கிடந்தன. எஃகு கிடைக்கவில்லை. குறைந்த எஃகில் நிறையக் கட்ட வேண்டும்! அதற்கு வழி சொன்னவர் யூஜின் பிரெசினே என்ற பிரெஞ்சு என்ஜினீயர். கம்பியை முன்கூட்டியே விண்ணென்று இழுத்துவைத்து, அந்த இழுவிசையால் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும் வித்தை அவருடையது. இன்று நாம் போகும் மேம்பாலங்களில் பெரும்பாலானவை அந்த வித்தையில் கட்டியவைதான்.

பரிசோதனைச் சாலைகள் எல்லாம் ஒரே முறையில் சோதிக்க வேண்டும் என்பதற்காக 1947-ல் பாரிசில் "ரைலம்" என்ற சர்வதேசச் சங்கம் தோன்றியது. இழுத்த கம்பிக் கான்கிரீட்டுக்கு என்று 1952-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சங்கம். அதற்கு முதல் தலைவர் பிரெசினேயேதான். மறு ஆண்டு, 1953-ல், ஐரோப்பியக் கான்கிரீட் கமிட்டி. பின்னால் சொன்ன இரண்டும் 1998-ல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இப்போது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அதன் தலைமை அலுவலகம் இருக்கிறது. ஐரோப்பா முழுவதற்கும் இன்று பொதுவாக இருக்கும் கான்கிரீட் விதிகளுக்கு அடிப்படை, இந்தச் சங்கங்கள் எழுதிய மாதிரி விதிப் புத்தகங்கள்தான்.

நம் நாட்டிலும் 1982-ல் இந்தியக் கான்கிரீட் சங்கம் தோன்றியது. அதன் தலைமை அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

மறைக்காமல் சொன்னவர்

ஒருவர் வாய் திறந்து சொன்னால் உலகத்துக்கு எவ்வளவு நன்மை என்பதற்கு ஒரு கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். புதிதாகக் கட்டிய பாலங்களிலும் ரோடுகளிலும் சிலந்தி வலை போல வெடிப்பு விட்டது. நல்ல சிமெண்டு. நல்ல ஜல்லி. ஆனாலும் வெடிப்பு. நெடுஞ்சாலை இலாகாவில் இருந்த தாமஸ் ஸ்டாண்டன் என்ற என்ஜினீயர் இதை விடாமல் ஆராய்ந்தார்.

சில வகைக் கல்லில் உள்ள ஒரு பொருள், சிமெண்டில் உள்ள காரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கூழாகிறது. அந்தக் கூழ் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. ஜவ்வரிசியை ஊறப்போட்டால் உப்புகிறது அல்லவா? அப்படித்தான். கான்கிரீட்டுக்கு உள்ளே ஜவ்வரிசி உப்பினால் கான்கிரீட் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஸ்டாண்டன் 1940-ல் இதைப் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். "எங்கள் இலாகா கட்டிய பாலம் வெடித்தது" என்று ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. அதைப் படித்த பிறகு மற்ற நாட்டு என்ஜினீயர்களும் தங்கள் தங்கள் பாலத்தையும் அணையையும் போய்ப் பார்த்தார்கள். "அட, இங்கேயும் அதே நோய்தான்!" என்று தெரிந்தது. டென்மார்க்கில் கண்டார்கள். நம் நாட்டில் ஒரிசாவின் ஹிராகுட் அணையிலும் கண்டார்கள். 1974-ல் டென்மார்க்கில் முதல் மாநாடு கூட்டி, இந்த ஒரு நோயைப் பற்றி மட்டும் பேசினார்கள். கல்லை முன்கூட்டியே சோதித்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரிப்பதற்குப் பல நாட்டு நிபுணர்களும் சேர்ந்து முறைகள் வகுத்தார்கள்.

அணை கட்டிய பிறகு கல்லை மாற்ற முடியாது. கட்டுவதற்கு முன்னால் தெரிந்தால் மாற்றலாம். இதற்கு விலை மதிப்பு உண்டா?

கியூபாவும் சுவிட்சர்லாந்தும் இந்தியாவும்

பணக்கார நாடுகள் கூடிப் பேசுகின்றன. நமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் களிமண் சிமெண்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

சிமெண்டு செய்வது எப்படி? சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சூளையில் 1450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். கட்டி கட்டியாக வருகிறது. அதற்குக் கிளிங்கர் என்று பெயர். அதை அரைத்தால் சிமெண்டு. சுடும்போது கரியமில வாயு வெளியே போகிறது. எரிக்கும் நிலக்கரியிலிருந்து மட்டும் அல்ல. பாதிக்கு மேல் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு உள்ளிருந்தே கிளம்புகிறது. உலகத்தில் ஓர் ஆண்டுக்குச் செய்யும் சிமெண்டு ஏறக்குறைய 400 கோடி டன். மனிதன் வெளியேவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு இந்தச் சிமெண்டினால்தான். பூமி சூடாகிறது, மழை பருவம் தப்புகிறது என்று பேசுகிறோமே, அதில் நம் வீட்டுத் தளத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

வீடு கட்டாதே என்று யாரையாவது சொல்ல முடியுமா? ஓலைக் குடிசையில் இருப்பவன் ஒரு கான்கிரீட் கூரைக்கு ஆசைப்படுவது தவறா? நிச்சயம் இல்லை. ஆகையால் கிளிங்கரைக் குறைக்க வேண்டும்.

கியூபா ஒரு சின்னத் தீவு. அமெரிக்காவின் வியாபாரத் தடைக்கு ஆளான நாடு. எதற்கும் தட்டுப்பாடு. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ மார்ட்டிரேனா என்ற பேராசிரியர். லோசான் நகரத்து ஆராய்ச்சிக் கூடத்தில் கேரன் ஸ்கிரிவனர் என்ற பேராசிரியை. இவர் இங்கிலாந்துக்காரர். இவர்கள் இருவரும் சேர்ந்தார்கள். டில்லி, பம்பாய், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்களும் சேர்ந்தார்கள். செலவுக்கு சுவிட்சர்லாந்து சர்க்கார் உதவியது.

என்ன செய்தார்கள்? கிளிங்கரைப் பாதியாகக் குறைத்தார்கள். மீதிக்குச் சுட்ட களிமண் 30 பங்கு. சுடாத சுண்ணாம்புக்கல் பொடி 15 பங்கு. ஜிப்சம் 5 பங்கு. களிமண்ணைச் சுட 1450 டிகிரி வேண்டாம். ஏறக்குறைய 800 டிகிரி போதும். சுண்ணாம்புக்கல்லைச் சுடாமலே அரைத்துப் போடுவதால் அதிலிருந்து வாயுவும் கிளம்பாது. கரியமில வாயு நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில் குறைகிறது!

பீங்கான் செய்ய உதவாது என்று சுரங்கத்து ஓரத்தில் கொட்டிவைக்கிறார்களே, அந்த மட்டக் களிமண்ணே இதற்குப் போதும். வெயில் நாடுகளில் அது ஏராளமாகக் கிடைக்கிறது. பணக்கார நாடுகளைவிட நமக்குத்தான் இதில் வசதி அதிகம்.

ரைலம் சங்கம் இதற்கென்று ஒரு கமிட்டி அமைத்தது. சுட்ட களிமண்ணைப் பற்றிய சர்வதேச மாநாடு 2015-ல் லோசானில் நடந்தது. 2017-ல் கியூபாவின் ஹவானாவில். 2019-ல் புது டில்லியில். இடம் மாறி மாறி நடந்ததைக் கவனியுங்கள். ஒருவர் மேடையில் இருந்து சொல்ல, மற்றவர் கீழே உட்கார்ந்து கேட்ட கதை அல்ல இது. 2023-ல் இந்தச் சிமெண்டுக்கு நம் நாட்டுத் தர முத்திரை விதியும் வந்துவிட்டது.

வெற்றியை மட்டும் பேசினால் போதுமா?

இவ்வளவு புகழ்ந்த பிறகு என் குறையையும் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்து மாநாடுகளில் பெரும்பாலும் என்ன பேசுகிறார்கள்? உயரமான கோபுரம் கட்டினோம். நீளமான பாலம் கட்டினோம். படம் காட்டுகிறார்கள். கைதட்டுகிறார்கள். மாலையில் விருந்து. நல்லதுதான், யாருக்கும் பொறாமை இல்லை. ஆனால் விரிசல் விட்ட கூரையைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர் குறைவு. காரணமும் தெரியாமல் இல்லை. வழக்கு வரும். கான்டிராக்டு போகும். பெயர் கெடும். ஆகவே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இதன் பலன் என்ன? இங்கிலாந்தையே மறுபடியும் பாருங்கள். காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் பலகை ஒன்று உண்டு. சுவீடன் நாட்டில் பிறந்த சரக்கு. இங்கிலாந்தில் 1950-களிலிருந்து ஏராளமான பள்ளிக்கூடங்களுக்கு அதைக் கூரையாகப் போட்டார்கள். 2018-ல் கெண்ட் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கூரை இடிந்தது. விடுமுறை நாள். மறுபடியும் அதிர்ஷ்டம்! 2023-ல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் சமயத்தில், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் கட்டிடங்களைத் திடீரென்று மூடச் சொன்னார்கள். புதுச் சட்டை போட்டுப் புத்தகப் பையோடு தயாராக நின்ற பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது என்று தெரியாமல் தாய்மார்கள் தவித்தார்கள்.

கேம்டன் கூரை விழுந்து ஐம்பது ஆண்டு!

ஆனால் இதே இங்கிலாந்தில்தான் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. 2005-ல் தொடங்கினார்கள். தான் பார்த்த ஆபத்தை, தப்பிப் பிழைத்த தவறை, எந்த என்ஜினீயரும் எழுதி அனுப்பலாம். பெயரை வெளியிட மாட்டார்கள். எந்த ஊர், எந்தக் கட்டிடம் என்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நடந்தது என்ன, பாடம் என்ன என்பதை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்கள். விமானம் ஓட்டுகிறவர்களிடம் முன்பே இருந்த வழக்கம்தான் இது. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இப்போது பரவியிருக்கிறது.

என்னைக் கேட்டால், சர்வதேசச் சங்கங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். எல்லா நாட்டிலும் இந்த ஏற்பாடு வர வேண்டும். எல்லா நாட்டுச் செய்தியும் ஓரிடத்தில் சேர வேண்டும். பெயர் வேண்டாம். தண்டனை வேண்டாம். விழுந்தது ஏன் என்று சொன்னால் போதும். "அப்படிச் செய்தால் தவறு செய்தவன் தப்பித்துவிடுவானே" என்று கேட்கலாம். குற்றவாளியைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. அவர்கள் வருவது கூரை விழுந்த பிறகு. நான் கேட்பது கூரை விழுவதற்கு முன்னால்.

இரண்டாவது குறை, விலை. சங்கங்கள் போடும் விதிப் புத்தகங்களில் பலவும் சின்ன ஊர் என்ஜினீயர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. சங்கத்துக்கும் செலவு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரைக் காப்பாற்றும் பக்கங்களையாவது இலவசமாகக் கொடுக்கலாம் அல்லவா? மருந்துப் புட்டியில் "விஷம்" என்று எழுதுவதற்குக் கடைக்காரர் தனியாகக் காசு கேட்பதில்லை.

மூன்றாவது குறையை நான் நேரில் கண்டேன்.

மேஸ்திரி கேட்ட கேள்வி

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு எழும்புகிறது. சென்ற மாதம் தளம் போட்டார்கள். காலையிலிருந்து கலவை எந்திரத்தின் சத்தம். சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். மாலையில் வீட்டுக்காரர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

நான்காம் நாள் அந்தப் பக்கம் போனேன். தளத்தின் மேல் பாத்தி கட்டியிருந்தார்கள். பாத்தியில் தண்ணீர் இல்லை. வெயிலில் காய்ந்து கிடந்தது.

"என்ன மேஸ்திரி, அதற்குள் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"மூணு நாள் விட்டாச்சு, சார். லாரித் தண்ணி வாங்கி ஊத்துறோம். வீட்டுக்காரர் போதும்னுட்டார்."

"மூட்டையைப் பார்த்தேன். சாம்பல் கலந்த சிமெண்டு. அதற்குப் பத்து நாளாவது ஈரம் வேண்டும். இந்த வெயிலுக்குப் பதினாலு நாள் விட்டால் நல்லது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முப்பது ஆண்டு கொத்து வேலை பார்த்தவர். பேனா பிடிக்கிறவன் வந்து சிமெண்டைப் பற்றிச் சொல்கிறானே என்று நினைத்திருப்பார்.

"யார் சார் சொன்னது?"

சொன்னேன். விதிப் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். பல நாட்டு நிபுணர்கள் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்துச் சொன்னது என்றேன். சாம்பல் சிமெண்டு மெதுவாகத்தான் வலுப்படும். இடையில் ஈரம் போனால் அதன் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கெட்டிக்காரர். உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்போ பழைய சிமெண்டுக்கு ஏழு நாள், இதுக்குப் பத்து நாளா?"

"ஆமாம்."

"நான் சொன்னா வீட்டுக்காரர் நம்ப மாட்டார், சார். தண்ணி லாரிக்காரனோட சேர்ந்துக்கிட்டுச் சொல்றேன்னு நினைப்பார். மூட்டை மேலயே தமிழ்ல கொட்டை எழுத்துல போட்டா என்ன?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் காலி மூட்டை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் லாரிக்குப் போன் போடுவதற்காக வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டு போனார்.